பிந்தி வந்த மேடை
(இரும்பைத் தூக்கியவர்கள் – அத்தியாயம் 9)

சென்ற இதழில் இத்தாலியின் ஜோர்ஜியா போர்டிஞோனைப் பார்த்தோம். 2021 ஜூலையில், டோக்கியோவில், 64 கிலோ பிரிவில் ஸ்நாட்ச்சில் 104, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 128, மொத்தம் 232 கிலோ தூக்கி வெள்ளி வாங்கியவர். ஒலிம்பிக் பளுதூக்குதலில் இத்தாலியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அது. அப்போது அவருக்கு வயது 34.

இந்தியப் பெண்ணுக்கு அப்படியொரு முதல் பதக்கம் 21 ஆண்டு முன்பே கிடைத்துவிட்டது. கர்ணம் மல்லேஸ்வரி, சிட்னி, 2000 செப்டம்பர் 19. பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரிக் கேள்வியாகவும் ஒரு வரிப் பதிலாகவும் அது நின்றுவிட்டது. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் யார் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதக்கத்துக்கு முன்னால் அவர் யாராக இருந்தார் என்று கேட்டால் பெரியவர்களுக்கே தெரிவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. ஏனென்றால் மல்லேஸ்வரியின் உச்சம் சிட்னி அல்ல. உச்சத்தில் அவர் நின்ற ஆண்டுகளில் பெண்களுக்கு ஒலிம்பிக் மேடையே கிடையாது.

நான் எழுதுவது மரைன் ஹில்லில் உட்கார்ந்து. 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் ஒரு மேட்டுப் பகுதி இது. இங்கிருந்து சென்னைக்குக் கப்பல் உண்டு, கொல்கத்தாவுக்கு உண்டு, விசாகப்பட்டினத்துக்கும் உண்டு. அந்த விசாகப்பட்டினம் கப்பலில் தலைமுறை தலைமுறையாக வந்து இறங்கியவர்கள்தாம் நம்மோடு தெருவைப் பகிர்ந்துகொள்ளும் தெலுங்குக் குடும்பங்கள். ஜங்லிகாட் மீனவர் குடியிருப்பில் போய்ச் சொந்த ஊர் எது என்று விசாரித்தால் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். மல்லேஸ்வரி பேச்சு எடுத்தால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். 'மா ஊரி அம்மாயி' என்பார்கள், எங்க ஊர்ப் பொண்ணு என்கிற அதே உரிமையோடு. ஸ்ரீகாகுளத்துக்காரர்களுக்கு அவர் மல்லேஸ்வரி அல்ல, மல்லி.

சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயிலில் போனவர்கள் 'ஸ்ரீகாகுளம் ரோடு' என்ற நிலையத்தைக் கடந்திருப்பார்கள். ஸ்ரீகாகுளம் நகரம் அங்கிருந்து தள்ளி இருக்கிறது. நிலையம் உண்மையில் நிற்பது ஆமதாலவலசை என்ற சிற்றூரில். அதை ஒட்டிய ஊசவானிப்பேட்டைதான் மல்லேஸ்வரியின் ஊர். பிறந்தது 1975 ஜூன் 1. அப்பா கர்ணம் மனோகர் ரயில்வே பாதுகாப்புப் படையில் கான்ஸ்டபிள். வீடு நிறையப் பெண் பிள்ளைகள். மூத்தவர் நரசம்மா பளு தூக்கப் போனார், பின்னாலேயே தங்கையும் போனாள்.

அந்த ஊரில் நீலம்ஷெட்டி அப்பண்ணா என்றொரு பயிற்சியாளர் இருந்தார். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்தில் பெண் பிள்ளைகள் இரும்பைத் தூக்குவதை ஏற்றுக்கொண்டு, முறையாகச் சொல்லிக் கொடுத்த மனிதர். மல்லேஸ்வரி முதலில் போய் நின்றபோது அவரே அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரொம்ப ஒல்லியாக இருக்கிறாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வர, அம்மா சியாமளாதான் அவளைத் தேற்றித் திரும்ப அந்த வாசலுக்கு அனுப்பினார். இந்தியப் பளுதூக்குதல் வரலாற்றில் சங்கங்களும் அமைச்சகங்களும் நிறைய வருகின்றன. இந்த அம்மாவின் பெயரையும் அந்த வரிசையில் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டில் இருந்து கிடைத்த அந்த ஒரு தள்ளல் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் நடந்தே இராது.

இனிக் கொஞ்சம் உலகக் கதைக்குப் போக வேண்டும். ஆண்களுக்குப் பளுதூக்குதல் 1896இல், முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்ததே 1987இல்தான், அமெரிக்காவின் டேடோனா பீச்சில். அடுத்த ஆண்டு ஜகார்த்தா, அதற்கடுத்த ஆண்டு மான்செஸ்டர். மான்செஸ்டரில் மணிப்பூரின் குஞ்சராணி தேவி 44 கிலோ பிரிவில் மூன்று வெள்ளி வாங்கிக்கொண்டு வந்தார். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கும் குஞ்சராணி வெண்கலம் வென்றார். காமன்வெல்த் போட்டிக்கு மனம் வர 2002 வரை ஆனது. ஒலிம்பிக்கோ 1992 பார்சிலோனாவிலும் திறக்கவில்லை, 1996 அட்லாண்டாவிலும் திறக்கவில்லை.

ஆக, ஊசவானிப்பேட்டைப் பெண் இரும்பைத் தொட்ட காலமும் பெண்கள் பளுதூக்குதல் உலக அளவில் தவழத் தொடங்கிய காலமும் ஒன்றாகவே அமைந்தன. விளையாட்டும் அவளும் கூடவே வளர்ந்தார்கள். அவள் கொஞ்சம் வேகமாக வளர்ந்துவிட்டாள்.

1993, மெல்போர்ன். உலக சாம்பியன்ஷிப்பில் 54 கிலோ பிரிவில் வெண்கலம். வயது 18. அடுத்த ஆண்டு இஸ்தான்புல்லில் தங்கம். எந்த எடைப் பிரிவிலும் அதற்கு முன் ஓர் இந்தியப் பெண் உலகச் சாம்பியன் ஆனதில்லை. அதே 1994இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் வெள்ளி. 1995இல் குவாங்ஜோவில் மறுபடியும் உலகப் பட்டம். குவாங்ஜோ சீனாவில் இருக்கிறது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். பெண்கள் பளுதூக்குதல் என்றால் சீனா என்று உலகமே பேசிய காலத்தில், சீன மண்ணில், சீன ரசிகர்கள் முன்னால் வாங்கிய பட்டம் அது. 1996இல் வார்சாவில் வெண்கலம். தொடர்ந்து நான்கு உலக சாம்பியன்ஷிப், நான்கிலும் பதக்கம். அப்போது இந்திய அணிக்கு வெளிநாட்டுப் பயிற்சியாளராக வந்து உதவியவர் பெலாரஸின் லியோனித் தரனென்கோ. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், 1988இல் கான்பராவில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 266 கிலோ தூக்கி உலகை வாய்பிளக்க வைத்தவர்.

அந்த ஆண்டுகளில் எந்த விளையாட்டிலாவது தொடர்ந்து உலகப் பட்டம் வைத்திருந்த இந்தியர்களை எண்ணிப் பாருங்கள், பட்டியல் மிகச் சிறியது. அதில் இருபது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அரசு மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1994இல் அர்ஜுனா, பிறகு கேல் ரத்னா, 1999இல் பத்மஸ்ரீ. விருதுகள் எல்லாம் சிட்னிக்கு முன்பே வந்தவை. விளையாட்டைக் கவனித்தவர்களுக்கு அவர் யார் என்று தெரிந்திருந்தது. ஊருக்குத் தெரிய ஒலிம்பிக் தேவைப்பட்டது.

அட்லாண்டாவில் 1996இல் பெண்களுக்கு 54 கிலோ போட்டி இருந்திருந்தால்? இப்படிக் கேட்பது வரலாற்று எழுத்தில் சரியில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் கேட்பேன். முந்தைய இரண்டு ஆண்டுகளின் உலகச் சாம்பியன் அந்த ஒலிம்பிக்குக்குத் தங்கத்தை எதிர்பார்த்துப் போயிருப்பாரா, இல்லையா? அட்லாண்டாவில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் டென்னிஸில் லியாண்டர் பயஸின் வெண்கலம். அந்த ஆண்டு மல்லேஸ்வரிக்கு வயது 21. உடல், அனுபவம், பயிற்சி மூன்றும் கூடி வந்த பருவத்தில் அவருக்குப் போக ஒலிம்பிக் இல்லை.

சிட்னியில் பெண்களுக்கு இடம் உண்டு என்று முடிவானபோது அவர் வாழ்க்கை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1997இல் சக பளுதூக்குநரான ராஜேஷ் தியாகியை மணந்துகொண்டு ஹரியானாவின் யமுனாநகருக்குப் போனார். இடையில் ஓர் ஓய்வு. அதே சமயத்தில் சர்வதேசப் பளுதூக்குதல் சம்மேளனம் எடைப் பிரிவுகளையே மாற்றி அமைத்தது. 1998 முதல் பெண்களுக்கு 48, 53, 58, 63, 69, 75, அதற்கு மேல் என்று ஏழு பிரிவுகள். அவர் பட்டம் வென்ற 54 கிலோ பிரிவு பட்டியலிலேயே இல்லாமல் போனது. 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் 63 கிலோவில் வெள்ளி. சிட்னிக்கு 69 கிலோ.

பளுதூக்குதலைப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளங்கும். 54இல் ஜெயித்த உடம்பும் 69இல் போட்டியிடும் உடம்பும் வேறு வேறு. எதிரே நிற்பவர்கள் இயல்பிலேயே பெரிய உடற்கட்டு உடையவர்கள். தசை கூடினால் பலம் கூடும், ஆனால் ஸ்நாட்ச்சில் இரும்புக்கு அடியில் மின்னலாய் நுழையும் அந்த வேகம் பழையபடி இருக்குமா என்பது தனிக் கேள்வி. உலக சாம்பியன்ஷிப் பதக்கங்கள் 1996 வார்சாவோடு நின்றுவிட்டிருந்தன. எடை போட்டுவிட்டார், காலம் முடிந்துவிட்டது, வேறு யாரையாவது அனுப்பலாமே என்று பத்திரிகைகளில் கடுமையாக எழுதினார்கள். குஞ்சராணி இருக்கும்போது இவர் ஏன் என்ற கேள்வியும் எழுந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. குஞ்சராணிக்கு நடந்தது என்ன என்பதற்கு ஒரு தனி அத்தியாயமே வேண்டும். ஆனால் மல்லேஸ்வரியின் உடலைக் கேலி செய்து எழுதிய எழுத்துக்கு எந்த நியாயமும் இல்லை. ஒரு விளையாட்டு வீராங்கனை எடைப் பிரிவு மாறுவது அவர் தொழிலின் பகுதி. அதைச் சோம்பலின் அடையாளமாகப் படித்தவர்கள் விளையாட்டையே படிக்கவில்லை.

இனி சிட்னி. டார்லிங் ஹார்பர் பகுதியின் மாநாட்டு மையத்தில் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் மரமேடை. பெண்களுக்கான கம்பி 15 கிலோ, ஆண்களுடையதை விடச் சற்று மெலிந்தது. இரு புறமும் தட்டுகளை இறுக்கும் பூட்டு ஒவ்வொன்றும் இரண்டரை கிலோ. ஆக, தட்டு எதுவும் ஏறுவதற்கு முன்பே 20 கிலோ. சிவப்புத் தட்டு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. கணக்குத் தெரிந்தவர்கள் தொலைக்காட்சியில் நிறத்தைப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார்கள். ஒருவருக்கு ஸ்நாட்ச்சில் மூன்று வாய்ப்பு, கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று. இரண்டிலும் தூக்கிய சிறந்த எடைகளின் கூட்டுத்தொகைதான் முடிவு. தொகை சமமானால், அப்போதைய விதிப்படி, உடல் எடை குறைந்தவர் மேலே. அந்தக் காலத்தில் எடையை இரண்டரை கிலோ படிகளில்தான் ஏற்ற முடியும்.

ஸ்நாட்ச்சில் மல்லேஸ்வரி தூக்கியது 110. பக்கத்துக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம். தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் போக வேண்டும். கம்பி இடுப்பைத் தாண்டும் கணத்தில் உடம்பு அதற்கு அடியில் முழுக்க உட்கார்ந்துவிட வேண்டும், பிறகு அப்படியே எழுந்து நிற்க வேண்டும். ஹங்கேரியின் எர்ஷெபெத் மார்குஷ் 112.5 தூக்கி முன்னே நின்றார். சீனாவின் லின் வெய்னிங் 110. ஸ்நாட்ச் முடிந்தபோது மூவருக்கும் நடுவே இருந்த இடைவெளி இரண்டரை கிலோ மட்டுமே. பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோத் தட்டு ஒன்று, அவ்வளவுதான்.

கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130ஐ எடுத்தார். பக்கத்துக்கு இரண்டு சிவப்பு, கூடவே ஓர் ஐந்து கிலோத் தட்டு. நம் வீடுகளுக்கு வரும் 25 கிலோ அரிசி மூட்டை ஐந்தை ஒன்றாகக் கட்டி, மேலே இன்னொரு ஐந்து கிலோப் பையையும் வைத்துத் தலைக்கு மேல் நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அசைவில் கம்பி தோளில் வந்து அமர வேண்டும். அங்கே மூச்சைத் திரட்டிக்கொள்ள ஒரு சிறு இடைவெளி உண்டு. இரண்டாம் அசைவில் முழங்கால் மடிந்து நிமிர, கம்பி மேலே போக, கால்கள் முன்னும் பின்னுமாகப் பிரிய வேண்டும். பிறகு இரு பாதங்களையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து அசையாமல் நிற்க வேண்டும். இறக்கலாம் என்ற சமிக்ஞை வரும் வரை இறக்கக் கூடாது. மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குப் போட்டால்தான் தூக்கல் செல்லும். 110ஐயும் 130ஐயும் கூட்டினால் 240.

மல்லேஸ்வரிக்கு ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. கேட்டது 137.5. பக்கத்துக்கு இரண்டு சிவப்பு, ஓர் ஐந்து, ஓர் இரண்டரை, ஒரு ஒன்றேகால். ஒரே தாவலில் ஏழரை கிலோ கூடுதல். அந்த எடை ஏறவில்லை.

லின் 110உம் 132.5உம் சேர்த்து 242.5. மார்குஷ் 112.5உம் 130உம் சேர்த்து அதே 242.5. உடல் எடை குறைவு என்பதால் தங்கம் லின்னுக்கு, வெள்ளி மார்குஷுக்கு. 240உடன் வெண்கலம் மல்லேஸ்வரிக்கு.

முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பென்சிலால் கணக்குப் போடுவது சுலபம். கடைசி வாய்ப்பில் 135 கேட்டு எடுத்திருந்தால் 245, தனித் தங்கம். ஏன் 137.5 போனார்கள் என்று பளுதூக்கும் கூடங்களில் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும், அது விளையாட்டைக் காதலிப்பவர்களின் பேச்சு. எனக்கு அந்த எண் வேறு விதமாகத் தெரிகிறது. 240இல் பதக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, தங்கத்தைத் தவிர வேறெதற்கும் பொருந்தாத எடையைக் கேட்டு மேடையேறினாள் அந்தப் பெண். காலம் முடிந்துவிட்டது என்று எழுதப்பட்டவள் அவள். உலகச் சாம்பியனாக இருந்து பழகிய மனதுக்குத்தான் அப்படிக் கேட்க வரும்.

சிட்னியிலிருந்து இந்தியா கொண்டுவந்த ஒரே பதக்கம் அந்த வெண்கலம். சுதந்திர இந்தியாவில் தனிநபர் பதக்கம் வாங்கிய மூன்றாமவர் அவர். முன்னால் 1952 ஹெல்சின்கியில் மல்யுத்தத்தில் கே.டி. ஜாதவ், 1996இல் பயஸ். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் தவறவிட்ட இடத்துக்கு, பதினாறு ஆண்டு கழித்து, யாரும் எதிர்பார்க்காத விளையாட்டிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகான கதை சுருக்கமானது. 2001இல் மகன் பிறந்தான். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிக்குத் தயாரானபோது அப்பா மனோகர் காலமாக, போட்டியிலிருந்து விலகினார். 2004 ஏதென்ஸில் போட்டியை முடிக்க முடியவில்லை. அதோடு மேடையை விட்டார். இந்திய உணவுக் கழகத்தில் உயர் பதவி, யமுனாநகரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று ஆண்டுகள் போயின. 2021 ஜூனில் டெல்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார். அடுத்த மாதமே, ஜூலை 24 அன்று, டோக்கியோவில் மீராபாய் சானு 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். சிட்னிக்கும் டோக்கியோவுக்கும் இடையில் பளுதூக்குதலில் இந்தியாவுக்கு வேறு ஒலிம்பிக் பதக்கம் கிடையாது, ஆண்களிலும் சரி, பெண்களிலும் சரி.

இத்தொடரில் தமிழ்நாட்டின் இடம் பற்றிப் பின்னால் விரிவாக வரும். வேலூர் சத்துவாச்சாரியில் வளர்ந்து 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் கதையும் அதில் உண்டு. சத்துவாச்சாரியையும் ஆமதாலவலசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். இரண்டும் தலைநகரம் அல்ல. இரண்டிலும் பெரிய அரங்கம் எழுந்த பிறகு வீரர்கள் வந்தார்கள் என்பதில்லை. ஊரில் தெரிந்த ஒரு பயிற்சியாளர், ஒரு கம்பி, கொஞ்சம் தட்டு, தினமும் சாயங்காலம் திறக்கிற ஒரு கதவு, அவ்வளவில் தொடங்கியது. எங்கள் தீவுகளும் இதைச் சைக்கிளில் பார்த்திருக்கின்றன. 2004 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் உயிர் பிழைத்த சிறுமி டெபோரா ஹெரால்ட், சைக்கிள் ஓட்டத் தொடங்கி, டிராக் சைக்கிள் பந்தயத்தில் நாட்டின் முன்னணி வீராங்கனையாக உயர்ந்தார். மரைன் ஹில்லிலிருந்து நேதாஜி ஸ்டேடியத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் எத்தனை பெண் பிள்ளைகள் வளர்கிறார்கள், அவர்களில் யாருடைய தோளில் 100 கிலோ காத்திருக்கிறது என்பது யாராவது ஒரு கம்பியைக் கையில் கொடுத்தால்தான் தெரியும். தெலுங்கு, தமிழ், வங்காளம், இந்தி பேசும் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் இந்த ஊரில் அதைச் செய்ய முன்வரும் ஓர் அப்பண்ணாவை நான் மனதார எதிர்பார்க்கிறேன்.

மல்லேஸ்வரியைப் பற்றி எழுதும்போதெல்லாம் பக்கத்திலேயே இன்னொரு பெயர் வந்து நிற்கிறது. மல்லேஸ்வரிக்கு முன்பே உலக மேடையில் ஏறியவர், உலக சாம்பியன்ஷிப்களில் வெள்ளிமேல் வெள்ளியாக வாங்கியவர், சிட்னிக்குப் போக முடியாமல் போனவர். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடையும் அனுபவித்தவர். 36 வயதில் ஏதென்ஸில் நான்காம் இடம் பிடித்து, 38 வயதில் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் 166 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர். இம்பாலின் நமைராக்பம் குஞ்சராணி தேவியின் அந்த நீண்ட கதை அடுத்த இதழில்.

(தொடரும்)